பழைய பைக்குக்கு எந்தக் கேம், அதை எப்படி டைமிங் வைப்பது

சில வருடங்களுக்கு முன் கையில் வந்த ஒரு பழைய 350 புல்லட்டில் கிக்கர் ஆச்சரியமாக லேசாக இறங்கியது. முன்பு வைத்திருந்தவர் "ஸ்போர்ட்ஸ் கேம் போட்டிருக்கேன், ஹைவேயில பாருங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஹைவேயில் பரவாயில்லைதான். ஆனால் ஊருக்குள் நாலாவது கியரில் 40-இல் போனால் குதிரை மாதிரி வெட்டி வெட்டி இழுக்கும், மேம்பாலம் ஏற இரண்டாவது கியருக்கு வர வேண்டும், சிக்னலில் நின்றால் ஐடில் நிற்காது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், ஜெட் மாற்றினேன், பிளக், காயில், பாயின்ட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டு மாதம் போனது. கடைசியில்தான் புரிந்தது, அந்த லேசான கிக்கரே நோயின் அறிகுறி என்று. அது ஏன் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. பழைய யெஸ்டி, ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர்கள் இதைச் சும்மா தெரிந்துகொள்ளப் படிக்கலாம். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கேமே கிடையாது, சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளைப் பிஸ்டனே மூடித் திறந்துவிடும். நாம் பேசுவது புல்லட், டிரையம்ஃப், நார்ட்டன், பழைய ஹோண்டா போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களைப் பற்றி.

கேம் ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடு வைத்த ஒரு தண்டு, அவ்வளவுதான். பிஸ்டன் சுற்றிவிடும் முக்கியத் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் அது ஒரு சுற்று சுற்றும். மேடு வரும்போது டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் புஷ் ராடைத் தூக்கும், புஷ் ராட் ராக்கரின் ஒரு முனையைத் தள்ள, மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கும். மேடு நகர்ந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். வால்வு எவ்வளவு ஆழம் திறக்கிறது என்பது லிஃப்ட். கிராங்க் எத்தனை டிகிரி சுற்றும்வரை திறந்திருக்கிறது என்பது டூரேஷன். எந்த இடத்தில் திறந்து எந்த இடத்தில் மூடுகிறது என்பது டைமிங். கேம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டை மட்டும் பார்க்கிறார்கள், மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது.

பள்ளிப் புத்தகத்தில் படித்தபடி பார்த்தால் பிஸ்டன் மேல்முனையிலிருந்து இறங்கத் தொடங்கும்போது இன்லெட், அதாவது கலவையை உள்ளே விடும் வால்வு, திறக்க வேண்டும், கீழ்முனைக்கு வந்ததும் மூட வேண்டும், மொத்தம் 180 டிகிரி. நிஜத்தில் எந்த இன்ஜினும் அப்படி ஓடுவதில்லை. 2000 ஆர்.பி.எம்-இல் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 0.015 வினாடி ஆகிறது. 6500-இல் அது 0.0046 வினாடி. அந்த நேரத்துக்குள் கார்புரேட்டர் வழியாகக் காற்று கிளம்பி, வேகம் பிடித்து, சிலிண்டருக்குள் நிரம்ப வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு. கிளம்பவும் அதற்கு நேரம் வேண்டும், கிளம்பிவிட்டால் நிற்கவும் நேரம் வேண்டும். அதனால் பிஸ்டன் கீழே தொட்டு மேலே திரும்பிய பிறகும், வேகமாக ஓடும் இன்ஜினில், காற்று தன் வேகத்திலேயே உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். அதை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் இன்லெட் வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள்.

காலை எட்டரை மணி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஓடி வந்து ஏறிக்கொண்டிருக்கும்போது கண்டக்டர் விசிலைக் கொஞ்சம் தாமதமாக ஊதினால் இன்னும் பத்துப் பேர் ஏறுவார்கள். அதே பஸ் மதியம் இரண்டு மணிக்கு, ஆளில்லாத நிறுத்தத்தில், அதே அளவு நேரம் கதவைத் திறந்துவைத்து நின்றால் என்ன ஆகும்? ஏறியவர்களில் நாலு பேர் "இது எப்ப கிளம்புறது" என்று இறங்கிப் போய்விடுவார்கள். குறைந்த ஆர்.பி.எம்-இல் இதுதான் நடக்கிறது. காற்றுக்கு வேகம் இல்லை, வால்வு இன்னும் திறந்திருக்கிறது, மேலே ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையை கார்புரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளுகிறது. மிச்சம் இருப்பதைத்தான் இன்ஜின் அழுத்துகிறது. என் புல்லட்டின் கிக்கர் லேசாக இறங்கியதற்குக் காரணம் இதுதான், அழுத்துவதற்கு உள்ளே சரக்கே இல்லை.

இனி நிஜ எண்களுக்கு வருவோம். 1959-இல் வந்த டிரையம்ஃப் டி120 பானவில்லை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பழைய தெருப் பைக்குகளில் கேமைப் பற்றிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இன்ஜின் எனக்குத் தெரியவில்லை. 649 சி.சி., 71 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 82 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 6500 ஆர்.பி.எம்-இல் 46 குதிரைத்திறன். எட்வர்ட் டர்னர் 1930-களின் கடைசியில் ஸ்பீட் ட்வினுக்காக வரைந்த அதே அமைப்பு: சிலிண்டர்களுக்குப் பின்னால் இன்லெட்டுக்கு ஒரு கேம், முன்னால் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு ஒரு கேம். பானவில்லின் இன்லெட் கேம் எண் இ3134, இன்றும் பழைய டிரையம்ஃப்காரர்கள் வாயில் சாமி பெயர் மாதிரி வரும். இன்லெட் திறப்பது மேல்முனைக்கு 34 டிகிரி முன்னால், மூடுவது கீழ்முனைக்கு 55 டிகிரி பின்னால். எக்ஸாஸ்ட் திறப்பது கீழ்முனைக்கு 48 டிகிரி முன்னால், மூடுவது மேல்முனைக்கு 27 டிகிரி பின்னால்.

இன்லெட் டூரேஷன் வேண்டுமென்றால் 34 + 180 + 55, மொத்தம் 269 டிகிரி. அதில் பாதி 134.5. அதிலிருந்து 34-ஐக் கழித்தால் 100.5. அதாவது மேல்முனையைத் தாண்டி 100.5 டிகிரியில் இன்லெட் மேட்டின் உச்சி வருகிறது. இதற்கு லோப் சென்டர் என்று பெயர், பின்னால் டைமிங் வைக்கும்போது இதைத்தான் தேடப் போகிறோம். எக்ஸாஸ்ட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், மேல்முனைக்கு முன்னால் அதே 100.5 வரும்.

இப்போது அந்த 55-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கீழ்முனை தாண்டி 55 டிகிரி வரும்போது பிஸ்டன் ஏற்கெனவே ஏறக்குறைய 14 மி.மீ. மேலே வந்துவிட்டது. அதாவது 82 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 68 மி.மீ. மட்டும்தான் உண்மையான அழுத்தம். ரேஸ் கேம் ஒன்று இன்லெட்டை 75 டிகிரியில் மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் 25 மி.மீ-க்கும் மேல் ஏறியிருக்கும், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஸ்ட்ரோக் போச்சு. 7000 ஆர்.பி.எம்-இல் காற்றின் வேகம் அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடும். 2500-இல் எது ஈடுகட்டும்? அதனால்தான் கேமைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் லிஃப்ட் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை, இன்லெட் எத்தனை டிகிரியில் மூடுகிறது என்று கேட்கிறேன்.

மேல்முனை பக்கம் இன்னொரு கூத்து இருக்கிறது. இன்லெட் 34 டிகிரி முன்பே திறந்துவிட்டது, எக்ஸாஸ்ட் 27 டிகிரி தாண்டித்தான் மூடும். நடுவில் 61 டிகிரிக்கு இரண்டு கதவும் திறந்தே கிடக்கின்றன. இதை ஓவர்லாப் என்கிறோம். வேகத்தில், வெளியே பாயும் புகை தன் பின்னால் புதுக் கலவையை இழுத்துக்கொண்டு வரும், நல்லதுதான். ஐடிலில் புகை இன்லெட் பக்கம் திரும்பி வந்து கலவையைக் கெடுக்கும், கொஞ்சம் பெட்ரோல் நேராக சைலன்சருக்கும் போகும். டூரேஷன் அதிகமான கேம் போட்ட வண்டிகள் சிக்னலில் தடுமாறித் தடுமாறி நிற்பது இதனால்தான். அந்தத் தடுமாற்றச் சத்தத்துக்காகவே கேம் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை.

கடைக்குப் போகும் முன் இரண்டு பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, டூரேஷனை எந்த உயரத்தில் அளந்தார்கள் என்பது. மேடு மெல்லச் சரிந்துதான் தொடங்குகிறது, எனவே வால்வு "திறந்துவிட்டது" என்று எந்தப் புள்ளியில் சொல்வது? மேலே சொன்ன டிரையம்ஃப் எண்கள் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சந்தை, 0.020 அங்குலம் வைத்து அளந்தவை. ஓட்டும்போது வைக்கும் இடைவெளி அது கிடையாது, இன்லெட்டுக்கு 0.002, எக்ஸாஸ்ட்டுக்கு 0.004 அங்குலம்தான். அமெரிக்கக் கேம்காரர்கள் 0.050 அங்குலத்தில் அளப்பார்கள், ஜப்பானிய வண்டிகளுக்கு 1 மி.மீ-இல் அளப்பது வழக்கம். ஒரே கேமை மூன்று விதமாக அளந்தால் மூன்று டூரேஷன் வரும். அளந்த உயரத்தைப் போடாமல் "290 டிகிரி" என்று மட்டும் பெட்டியில் எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

இரண்டாவது, டேப்பட்டின் அடிப்பகுதி. டிரையம்ஃபில் கேமைத் தொடும் அந்த அடி லேசாக வளைந்திருக்கும், வளைவின் ஆரம் 3/4 அங்குலத்திலும் உண்டு, ரேஸுக்கென்று வந்த 1 1/8 அங்குலத்திலும் உண்டு. கேம் அதேதான், டேப்பட்டை மாற்றினால் வால்வு திறந்து மூடும் இடமும் வேகமும் மாறிவிடும். ஆகவே கேமைத் தனியாக வாங்காதீர்கள், அதற்கான டேப்பட்டோடு சேர்த்துக் கேளுங்கள். பழைய டேப்பட்டின் தேய்ந்த அடியில் புதுக் கேமை ஓடவிட்டால் சில நூறு கிலோமீட்டரிலேயே மேட்டின் மூக்கு தேய ஆரம்பிக்கும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நீங்கள் உண்மையில் எந்த ஆர்.பி.எம்-இல் ஓட்டுகிறீர்கள் என்பதை நேர்மையாக ஒரு வாரம் கவனியுங்கள். ஓட்ட ஆசைப்படும் ஆர்.பி.எம் அல்ல, ஓட்டுகிற ஆர்.பி.எம். சென்னை திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான புல்லட் 350-இன் கணக்கைப் பாருங்கள். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 18 குதிரைத்திறன், அதுவும் 5625 ஆர்.பி.எம்-இல். அந்த வேகத்தில் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 16.9 மீட்டர் ஓடுகிறது. 6500-இல் ஓடும் பானவில்லுக்கு அது 17.8. ஆக, ஸ்ட்ரோக் நீளமாக இருப்பதால் புல்லட் ஏற்கெனவே தன் எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது. 7000-இல் விழித்துக்கொள்ளும் கேமை அதில் போட்டால் பிஸ்டன் வேகம் 21 மீட்டர் ஆக வேண்டும். பிக் எண்டில் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் முனையில்) மிதக்கும் புஷ் மட்டுமே உள்ள, வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த இன்ஜின் அது. கேம் காற்றைக் கொடுக்கலாம், கனெக்டிங் ராட் அதுவரை உடன் வருமா? வராத இடத்துக்கு ஏன் பாதை போடுவது? நாலு கியர் மட்டுமே உள்ள வண்டியில் கீழ் ஆர்.பி.எம் இழுவையை விற்று மேல் ஆர்.பி.எம்-ஐ வாங்குவது பெரும்பாலும் நஷ்ட வியாபாரம். அப்படியே டூரேஷனைக் கூட்டினாலும் கம்ப்ரஷனைக் கூட்டி, கார்புரேட்டரையும் சைலன்சரையும் அதற்கு ஏற்ப மாற்றினால்தான் பலன் தெரியும். தெருவில் ஓட்டுவதற்குக் கம்பெனிக் கேம் தேயாமல் இருந்தால் அதுவே போதும் என்பது என் கட்சி. மாற்றியே ஆக வேண்டும் என்றால், மனதில் நினைத்ததைவிட ஒரு படி சின்னதை வாங்குங்கள். டூரேஷன் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்க, லிஃப்ட் மட்டும் கொஞ்சம் கூடிய கேம் கிடைத்தால் அது தெருவுக்கு நல்லது.

இனி டைமிங். பற்சக்கரங்களில் குறி போட்டிருக்கிறார்கள், குறிக்குக் குறி சேர்த்தால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். டிரையம்ஃபில் அந்த நினைப்பே முதல் பயத்தைக் கொடுக்கும். கிராங்கில் 25 பல், கேம் சக்கரங்களில் 50 பல், நடுவில் இரண்டுக்கும் பொதுவான இடைச்சக்கரத்தில் 47 பல். 47 பகா எண். அதனால் ஒருமுறை குறிகள் எல்லாம் சேர்ந்துவிட்டால் அடுத்த முறை சேர கிராங்க் 94 சுற்றுச் சுற்ற வேண்டும். ஒழுங்காகப் பூட்டிவிட்டு, சும்மா இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, "ஐயோ குறி விலகிடுச்சே" என்று திரும்பக் கழற்றியவர்கள் எத்தனையோ பேர். ஒரே பல் மறுபடி மறுபடி அதே பல்லோடு உரசாமல், தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவட்டும் என்று அப்படிச் செய்வார்கள்.

கேம் சக்கரத்தில் ஒரு பல் தவறினால் எவ்வளவு? 360-ஐ 50-ஆல் வகுத்தால் 7.2 டிகிரி, ஆனால் அது கேமில். கிராங்கில் இரட்டிப்பு, 14.4 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் எங்கேயோ சோம்பேறித்தனம் இருக்கும். இதைவிட நுணுக்கமாகச் சரிசெய்ய டிரையம்ஃபில் ஓர் அழகான வழி உண்டு. சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டுதான் சாவி. கேம் சக்கரத்தில் அது உட்காரும் பள்ளம் ஒன்றல்ல, மூன்று. 50 பற்கள் மூன்றால் மீதமின்றி வகுபடாது, எனவே பள்ளத்தை மாற்றி மாட்டினால் சக்கரம் மூன்றில் ஒரு பல் நகர்கிறது, கிராங்கில் 4.8 டிகிரி. கழற்றும்போது கேம் சக்கர நட்டுக்கு இடது மரை என்பதை மறந்துவிடாதீர்கள், வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும்.

குறிகளை நம்பாமல் அளப்பதற்கு வேண்டியது ஒரு டிகிரி டிஸ்க் (விளிம்பில் 360 டிகிரி குறித்த தட்டு), ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி), பிளக் துளையில் மாட்டுகிற மாதிரி நடுவில் போல்ட் வைத்த ஒரு பழைய பிளக் உடம்பு, அசையாமல் நிற்கும் ஒரு கம்பித் துண்டு. டிஸ்கை கிராங்கின் நுனியில் மாட்டி, கம்பியை முள்ளாக வளைத்து கேஸில் இறுக்குங்கள். முதல் வேலை உண்மையான மேல்முனையைக் கண்டுபிடிப்பது. அங்கே பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாத மாதிரியே இருக்கும், எனவே ஸ்குரூ டிரைவரைப் பிளக் துளையில் விட்டு "ஆங், இதுதான்" என்று சொல்வது வேலைக்கு ஆகாது. போல்ட் வைத்த பிளக்கை மாட்டி, பிஸ்டன் போல்ட்டில் முட்டும்வரை கையால் மெதுவாக ஒரு பக்கம் திருப்புங்கள், டிஸ்கில் எண்ணைக் குறியுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி முட்டவையுங்கள். ஒரு பக்கம் 38, மறுபக்கம் 44 வந்தால் முள் 3 டிகிரி தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் 41 வரும்வரை முள்ளை வளையுங்கள். இப்போது பூஜ்யம் உண்மையிலேயே பூஜ்யம். போல்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்து டயல் கேஜை இன்லெட் வால்வின் மேல் தொப்பியில், வால்வு இறங்கும் கோட்டுக்கு நேராக உட்காரவையுங்கள். இன்ஜின் ஓடும் திசையிலேயே திருப்புங்கள். பின்னால் திருப்பினால் பற்களுக்கு இடையே இருக்கும் ஆட்டம் கணக்கில் சேர்ந்து எண்ணைக் கெடுக்கும். தாண்டிப் போய்விட்டால் கால் சுற்று பின்னால் வந்து மறுபடி முன்னால் வாருங்கள். முழு லிஃப்ட் எங்கே என்று பார்த்து அங்கே கேஜைப் பூஜ்யமாக்குங்கள். உச்சியும் மேல்முனை மாதிரிதான், தட்டையாக இருக்கும், நேராகப் படிக்க முடியாது. அதனால் உச்சிக்கு 1.5 மி.மீ. முன்னால் ஒரு எண், உச்சியைத் தாண்டி அதே 1.5 மி.மீ. இறங்கியதும் ஒரு எண். முதலாவது 62, இரண்டாவது 139 என்றால் கூட்டினால் 201, பாதி 100.5. பானவில் கேமுக்கு அதுதான் வேண்டும். 105 வந்திருந்தால் கேம் 4.5 டிகிரி பிந்தியிருக்கிறது, ஒரு சாவிப் பள்ளம் மாற்றினால் கிட்டத்தட்டச் சரி.

எந்தப் பக்கம் நகர்த்தினால் என்ன நடக்கும்? இன்லெட்டை முந்தி வைத்தால் சீக்கிரம் மூடும், கீழ் ஆர்.பி.எம் இழுவை கூடும். பிந்தி வைத்தால் மேல் ஆர்.பி.எம்-க்குப் போகும். பானவில்லில் ஒரு பள்ளம் முந்தி வைத்தால் 34-55 என்பது ஏறக்குறைய 39-50 ஆகும். ஊருக்குள் ஓட்டுகிற வண்டிக்குச் சந்தேகம் வந்தால் முந்தி வைக்கும் பக்கம் சாயுங்கள். டிரையம்ஃபிலும் புல்லட்டிலும் இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனிக் கேம், எனவே ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை நகர்த்தலாம். நார்ட்டன் கமாண்டோவிலும் 1969 ஹோண்டா சிபி750-யிலும் எல்லா மேடுகளும் ஒரே தண்டில், நகர்த்தினால் எல்லாம் சேர்ந்துதான் நகரும். அங்கே இரண்டு மேடுகளுக்கும் நடுவே உள்ள கோணம் கேமை அரைத்தவர் முடிவு செய்தது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதுக் கேமோ புது டைமிங்கோ வைத்தால் வால்வு பிஸ்டனை முட்டுமா என்று பார்த்தே ஆக வேண்டும். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பட்டையாக ஒட்டி, அதன்மேல் லேசாக எண்ணெய் தடவி, ஹெட்டை மாட்டி, டேப்பட் இடைவெளியை வைத்து, கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். பதிந்த இடத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் மிச்சம் இருக்கும் கனம் தெரியும். இன்லெட்டுக்கு 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2 மி.மீ. என்பது பலரும் வைத்துக்கொள்ளும் குறைந்தபட்சம். டிரையம்ஃப் மாதிரி வால்வுகள் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும் ஹெட்டில், ஓவர்லாப் நேரத்தில் வால்வும் வால்வும் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முழு லிஃப்டில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது, குறைந்தது ஒரு மி.மீ-ஆவது மிச்சம் வேண்டும். கையால் சுற்றும்போது எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், "கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம்" என்று ஸ்பேனரை நீட்ட வேண்டாம்.

பூட்டும்போது மேடுகளிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டு ரசிக்காதீர்கள். மெதுவாக ஓடும்போதுதான் மேட்டின் மூக்கில் ஸ்பிரிங்கின் அழுத்தம் அதிகம், தெறித்து வரும் எண்ணெயும் குறைவு. சுமார் 2000 ஆர்.பி.எம்-இல், கொஞ்சம் ஏற்றி இறக்கி, 20 நிமிடம் ஓடவிட்டுப் பிறகு எண்ணெயை மாற்றிவிடுங்கள். முன்பக்கம் ஒரு ஃபேன் வைத்துக்கொள்வது நல்லது, நின்ற இடத்தில் ஓடும் ஏர்கூல் இன்ஜின் சீக்கிரம் கொதிக்கும்.

என் புல்லட்டுக்கு வருகிறேன். அந்த ஸ்போர்ட்ஸ் கேமைக் கழற்றி, தேயாத கம்பெனிக் கேம் ஜோடி ஒன்றை டேப்பட்டுகளோடு தேடிப் பிடித்து மாட்டி, டிஸ்க் வைத்துப் பார்த்து, குளிர்ந்த இன்ஜினில் புஷ் ராடுகள் விரலால் சுழலும், மேலும் கீழும் ஆடாது என்ற அளவுக்கு டேப்பட்டை வைத்து, கிக்கரில் கால் வைத்தேன். பாதியில் நின்றது. எடை முழுவதையும் போட்டும் இறங்கவில்லை. அந்த வண்டியில் அதுவரை தொடவே தேவைப்படாத, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேவிட்டுக் கிக்கரை லேசாக்கும் டீகம்ப்ரஷன் லிவரை அன்றுதான் முதன்முதலாகப் பிடித்தேன்.